அடுத்த பெயர் லூமிர் ஹோலுப்

ஆல்பினா ஹோலுப்பை ராணுவ ஆள்சேர்ப்புக் குழுவில் போட்டதே அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்கிற தைரியத்தில்தான். வேறென்ன? பெண்களும் குழுவில் உட்காரலாம் என்று 1967-இல் சட்டம் வந்தது. எங்கள் மாவட்டக் குழுவில் கிழவர் ஒருவர் இறந்துபோய் ஓரிடம் காலியாகக் கிடந்தது. சம்பளம் கிடையாது, சாபம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் ஆண்பிள்ளைகள் எவரும் அந்த இடத்துக்கு முன்வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவள், டிராக்டர் கவிழ்ந்து புருஷனைப் பறிகொடுத்தவள், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவள், இவளைப் போட்டால் கூட்டத்தில் காபியாவது நன்றாக இருக்கும் என்று குழுத் தலைவர் ருடால்ஃப் கேஸல் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து சொன்னாராம். சொன்னதற்காகப் பிறகு எத்தனை முறை வருத்தப்பட்டாரோ, அது அவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் நோவா ரேகா, செக் மக்கள் குடியேறிய சின்ன ஊர். குழுவில் மூன்றே பேர். ருடால்ஃப், முடிவெட்டும் சில்வெஸ்டர், மூன்றாவதாக ஆல்பினா. மாதம் நான்காவது செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு நீதிமன்றக் கட்டடத்தின் மாடியறையில் கூடுவார்கள். பதினெட்டு முடிந்த ஒவ்வொரு பையனின் பெயரிலும் அங்கே ஒரு காகித உறை இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்து, இவன் வியட்நாம் போகட்டும், இவன் படிக்கிறான், இருக்கட்டும், இவன் போனால் பண்ணை படுத்துவிடும், இவனும் இருக்கட்டும் என்று முடிவு சொல்வார்கள். இந்த மாதம் இத்தனை பேர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எண்ணிக்கை வரும். அது குறையக்கூடாது. ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால் வரிசையில் அவனுக்கு அடுத்தவன் மூட்டை கட்டவேண்டும். யாரையும் சும்மா காப்பாற்ற முடியாது. இன்னொருத்தனைக் கொடுத்துத்தான் காப்பாற்ற முடியும்.

இது ஆல்பினாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரியவேண்டியதில்லை. 1951-இல் அவளுடைய தம்பி யோசெஃபைக் கொரியாவுக்கு அனுப்பியபோது, அவனுக்கு முன்னால் வரிசையில் இருந்த இரண்டு பையன்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஏன் தங்கினார்கள் என்று அன்றைக்கிருந்த குழுவில் ஒரு ஆளும் கேட்கவில்லை. யோசெஃப் பெட்டியில் திரும்பி வந்தான். அந்த இரண்டு பேரும் அவனுடைய பெட்டியைத் தூக்கினார்கள். நல்ல பையன்கள்தான், அழக்கூடச் செய்தார்கள். அதனால்தான் குழுவில் சேரச் சொல்லிக் கடிதம் வந்ததும் அவள் இரண்டாம் யோசனை இல்லாமல் சரி என்று எழுதினாள்.

முதல் கூட்டத்திலேயே ருடால்ஃப் நொந்துபோனார். ஒவ்வொரு உறையையும் அவள் வாங்கி முழுசாகப் படித்தாள். பையன்களை நேரில் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்றாள். இந்த மாவட்டத்துப் பையன்களில் பாதிப்பேர் அவள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். யார் தன் ரொட்டியைப் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுப்பான், யார் பக்கத்தில் இருக்கிறவனுடையதைப் பிடுங்குவான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"ஆல்பினா, இது பள்ளிக்கூட சாப்பாட்டு வரிசை இல்ல. நாட்டோட காரியம்," என்றார் ருடால்ஃப். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"வரிசைதானே? எல்லா வரிசையிலயும் முண்டியடிக்கிறவன் இருப்பான். அவன் காதைப் பிடிச்சுப் பின்னால தள்ளத் தெரியும் எனக்கு."

"சரி, இந்தப் போர் நியாயம்னு நீ நம்புறியா? அதச் சொல்லு மொதல்ல."

"நம்பல. ஒரு நாளும் நம்பல."

"அப்புறம் எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

"போரை நான் ஆரம்பிக்கல ருடால்ஃப். என்னைக் கேட்டு யாரும் ஆரம்பிக்கவும் இல்ல. ஆனா இந்தப் பட்டியலை நாம போடறோம். பட்டியல்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும், அதுல பொய் எழுதாத ஆள் ஒண்ணு இந்த அறையில இருந்தாகணும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

சில்வெஸ்டர் கத்தரிக்கோல் பிடிக்கும் விரல்களால் காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மனிதர். தொழில் அப்படி.

அவளுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. லிங்கன் நகரத்தில் கல்லூரியில் படிக்கிற போர் எதிர்ப்புப் பையன்கள் யாரோ அவள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். அதே வாரம் மளிகைக் கடைக்கார அம்மாள் அவளைக் கம்யூனிஸ்ட் என்று கூப்பிட்டாள். ஆல்பினா கதவைத் தேய்த்துக் கழுவினாள். மளிகைக் கடை அம்மாளிடம், "கம்யூனிஸ்டா இருந்தா நான் ஏன்டி இந்த விலைக்கு உங்கிட்ட நின்னு சர்க்கரை வாங்கறேன்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

1968 ஏப்ரலில் விவகாரம் வீட்டுக்கே வந்தது.

மே மாதத்துக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. வரிசையில் முதலில் டுவேன் ஷிமெக். வயது இருபத்திரண்டு. டிராக்டர் வியாபாரி லியோனார்ட் ஷிமெக்கின் பிள்ளை. கல்லூரியில் தேறாமல் பிப்ரவரியில் வீடு திரும்பியதோடு படிப்பு விலக்கும் போய்விட்டது. அவனுக்கு அடுத்த பெயர் லூமிர் ஹோலுப். வயது இருபது. கிராம மின்சாரக் கூட்டுறவில் கம்பம் ஏறுகிறவன். ஆல்பினாவின் ஒரே பிள்ளை.

பதினைந்தே நாளில் டுவேனின் உறைக்குள் புதிதாக ஒரு மனு வந்து உட்கார்ந்தது. ஊருக்கு வடக்கே எட்டு மைலில் அவன் அப்பா வாங்கிப் போட்டிருக்கும் பண்ணையில் இருபத்தாறு பசுக்களையும் டுவேன்தான் காலையும் மாலையும் பார்த்துக்கொள்கிறான், அவன் போனால் பண்ணை நின்றுவிடும், ஆகவே விவசாய விலக்குத் தரவேண்டும் என்று வக்கீல் வைத்து அழகாக எழுதியிருந்தது. குழுவின் குமாஸ்தா அம்மா அதைக் காட்டியபோது ஆல்பினாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. டுவேன் ஆறாம் வகுப்பில், பால் பசுவின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்த அன்றோடு பாலைக் குடிப்பதை நிறுத்தியவன். சிரிப்பு அடங்கியதும் அடுத்த பெயர் யாருடையது என்பது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தன் அக்காவுக்குத் தொலைபேசி போட்டாள். எங்கள் பக்கத்தில் ஆறு வீட்டுக்கு ஒரே கம்பி. ஒருத்தி பேசினால் மற்ற ஐந்து வீட்டிலும் எடுத்துக் கேட்பார்கள், கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷிமெக் பண்ணைப் பக்கம் போறேன்க்கா. பால் கறக்கற நேரத்துல அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்துட்டு வரலாம்னு."

கம்பியில் இரண்டு வீட்டில் தொலைபேசியை மெல்ல வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா, "ஏன்டி, ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் போறியே, அவன் உஷாராயிட மாட்டானா?" என்றாள்.

"ஆகட்டும்க்கா. ஆகணும்."

அவள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சொல்லாமல் போய் அவனைக் காணவில்லை என்றால், இப்போதுதான் ஊருக்குள் போனான் என்று சொல்லிவிடுவார்கள். அவன் அங்கே நிற்கவேண்டும். நின்றால்தான் தெரியும்.

ஐந்துக்கு அவள் போய் இறங்கியபோது தொழுவத்தில் பண்ணையாள் மனைவி பசுக்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். சரியாக அந்நேரம் பார்த்து டுவேனின் சிவப்புக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து டுவேன் இறங்கினான். கடையில் மடித்து வைத்த மடிப்புக்கூடக் கலையாத புத்தம்புது பண்ணை உடுப்பு. இறங்கி இரண்டு எட்டு வைத்திருப்பான், வைக்கோல் போரடியில் படுத்திருந்த கிழட்டு நாய் எழுந்தது. வாலாட்டவில்லை. உறுமிக்கொண்டே வந்து, ஏதோ திருடனைக் கண்டதுபோல அவன் மேல் பாய்ந்தது. டுவேன் தாவிக் காரின் மேல் ஏறிக்கொண்டான். நாய் முன்னங்காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு குரைத்த குரைப்பில் இருபத்தாறு பசுவும் திரும்பிப் பார்த்தன.

"பிடிங்க! யாராவது பிடிங்க இதை!"

பண்ணையாள் மனைவி அசையவில்லை. பாவம், யார் பக்கம் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆல்பினாதான் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள்.

"ஏன்டா டுவேன், காலையும் சாயங்காலமும் நீதானே இங்க இருக்கே. அப்போ நாய்க்கு மட்டும் ஏன்டா உன்னைத் தெரியல?"

அவன் காரின் மேலிருந்தே அவளைப் பார்த்தான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். பயந்துபோன ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

"எனக்குப் பயமா இருக்கு, ஹோலுப் அம்மா," என்றான் மெல்ல.

"தெரியுதுடா. எல்லாருக்கும்தான்."

மறுநாள் இருநூறு பிள்ளைகளுக்கு இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ருடால்ஃப் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாய் கதை ஊர் முழுக்கப் போயாச்சு."

"நல்ல நாய்."

"ஆல்பினா, டுவேன் விஷயத்துல நீ நாளைக்கு வாக்குப் போட முடியாது. அவனை விட்டா அடுத்தது உன் பிள்ளை. உனக்கு இதுல சொந்த லாபம் இருக்கு. நீ எந்திரிச்சு வெளிய போகணும். நானும் சில்வெஸ்டரும் முடிச்சுக்கறோம்."

"சட்டத்துல சொந்தக்காரன் விஷயம்னாதான் எந்திரிக்கணும்னு இருக்கு. டுவேன் எனக்கு என்ன சொந்தம்? பெரியப்பா பையனா?"

"சட்டம் கிடக்கட்டும். ஊரு என்ன சொல்லும்? தன் பிள்ளையைக் காப்பாத்த அடுத்தவன் பிள்ளைய அனுப்பினாள்னு சொல்லும். அப்புறம் அந்த நாற்காலில உக்காந்து நீ என்ன சொன்னாலும் எவன் கேப்பான்?"

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"டேய் ருடால்ஃப், நீதானே கொடி ஏத்தி வச்சு, நாட்டுக்காகப் போகாதவன் ஆம்பளையே இல்லன்னு மேடை மேடையா பேசறே? லியோனார்ட் பிள்ளைன்னா மட்டும் கொடி சுருண்டுக்குதா?"

ருடால்ஃப் உட்கார்ந்தார். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் அவ்வளவு பெரிய உடம்பு.

"ரெண்டாம் உலகப் போர்ல, இத்தாலில ஒரு ஆத்தங்கரைல நான் கிடந்தேன். தொடைல குண்டுத் துண்டு. எல்லாரும் பின்வாங்கிட்டாங்க. லியோனார்ட் திரும்பி வந்தான். என்னைத் தோள்ல போட்டுத் தண்ணில இறங்கினான். கழுத்து வரைக்கும் தண்ணி. அவனோட ஒரே பிள்ளைய அனுப்பற காகிதத்துல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்லு."

இருபத்துநாலு வருஷமாக இந்த மனுஷன் இதை யாரிடமும் சொன்னதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அது உன் கடன் ருடால்ஃப். அதை லூமிரை வச்சு நீ தீர்க்கக் கூடாது," என்றாள் கடைசியில்.

அவர் எழுந்து போய்விட்டார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மாலையில் லூமிர் வேலையிலிருந்து வந்தான். மேசையில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் மாவு உருண்டையும் வைத்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"அடுத்த பேரு என்னோடதாமே?"

"யார் சொன்னா?"

"சில்வெஸ்டர் கடைல முடி வெட்டிக்கிட்டேன். அங்க தெரியாததா? நீ ஏம்மா சொல்லல?"

"குழு விஷயம் வீட்டுல பேசக் கூடாது."

"ஓகோ! பண்ணைக்குப் போறத மட்டும் ஆறு வீட்டுக்குப் பேசலாமாக்கும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் ருடால்ஃப் வந்து சொன்னதைச் சொன்னாள். லூமிர் உருண்டையை வெட்டிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு என்ன பண்ணப் போறே?"

"பேசத்தான் போறேன். எந்திரிக்க மாட்டேன்."

"எனக்காகவா?"

அந்தப் பண்ணைக்கு அவள் எதற்காகப் போனாள்? பட்டியலில் பொய் கூடாது என்பதற்காகவா, இல்லை பெற்ற வயிறு பதறியதற்காகவா? இரவெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அடுத்த பெயர் வேறொருத்தி பிள்ளையினுடையதாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையன்று எட்டு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருப்பாளா?

"தெரியலடா," என்றாள். "சத்தியமாத் தெரியல. உன்னை அனுப்ப எனக்கு மனசில்ல. ஒரு பொய்யனைக் காப்பாத்த உன்னை அனுப்ப எனக்கு இன்னும் மனசில்ல. அது வரைக்கும்தான் தெரியுது."

அவன் சாப்பிட்டான். இரண்டாவது முறையும் முட்டைக்கோசு வாங்கிக்கொண்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாடியறையில் வழக்கத்துக்கு மாறான கூட்டம். விசாரணைக்கு வந்த டுவேனும் லியோனார்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ருடால்ஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆல்பினா ஹோலுப் இந்த விஷயத்துல வெளிய இருக்கணும்னு தலைவர்ங்கற முறையில கேட்டுக்கறேன்."

"முடியாது."

"அவங்க பிள்ளை அடுத்த ஆள்ங்கறது எல்லாருக்கும் தெரியும்."

குமாஸ்தா அம்மா இருமினாள். இருபது வருஷமாக அந்த அறையில் வாயைத் திறக்காதவள்.

"மன்னிக்கணும். மே மாச எண்ணிக்கை நிறைஞ்சிருச்சு. காலைல எட்டு மணிக்கு ஒரு ஆள் தானே முன்வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். தானா வர்றவங்க பேரு முதல்ல சேரணும்னு விதி."

"யாரு?" என்றார் ருடால்ஃப்.

அவள் ஆல்பினாவைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "லூமிர் ஹோலுப்."

ஆல்பினா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அவன் கம்பம் ஏறும் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனது வேலைக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாவிப் பையன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அழுதால் அவ்வளவுதான், அழுகிற பெண்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ருடால்ஃபுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. குரல் இளகியது.

"அப்படின்னா டுவேன் மனுவுக்கு இப்ப அவசரம் இல்ல. அடுத்த மாசம் பாத்துக்கலாம். ஆல்பினா, நீ வீட்டுக்குப் போம்மா. இன்னிக்கு யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"நான் எங்கயும் போகல. அந்த உறையைப் பிரி."

"ஆல்பினா…"

"பிரி ருடால்ஃப்! இப்ப என் பிள்ளை உன் வரிசையில இல்ல. எனக்கு என்ன லாபம்னு இப்ப சொல்லு. டுவேன் போனாலும் என் பிள்ளை போறான், போகாட்டியும் போறான். இப்ப எந்தக் காரணத்தைச் சொல்லி என்னை வெளிய அனுப்பப் போறே?"

உறை பிரிந்தது. அவள் எழுந்து நின்று, தான் பண்ணையில் பார்த்ததை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். புதிய உடுப்பைச் சொன்னாள். நாயைச் சொன்னாள். டுவேன் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது மனுவில் இல்லாத விஷயம், அவனுக்குச் சொந்தமான விஷயம்.

லியோனார்ட் எழுந்தார். "நாய் ஒரு சாட்சியா? சிரிப்பாங்க ஊருல."

"சிரிச்சாச்சு லியோனார்ட். ரெண்டு நாளா சிரிக்கிறாங்க," என்றார் சில்வெஸ்டர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகம் போலிருந்தது. "நேத்து என் கடையில வந்து உக்காந்த ஒரு ஆளு விடாம எல்லாரும் இதைத்தான் பேசினாங்க. நான் விலக்குக் கொடுக்க மாட்டேன்."

இரண்டுக்கு ஒன்று. மனு தள்ளுபடி. ஜூன் மாத வரிசையில் முதல் பெயர் டுவேன் ஷிமெக்.

லியோனார்ட் போகும்போது ருடால்ஃபின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கதவு சாத்தியதும் ருடால்ஃப் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"இப்ப திருப்தியா? உன் பிள்ளையும் போறான், அவன் பிள்ளையும் போறான். என்ன சாதிச்சுட்ட நீ?"

"ரெண்டு பேரும் போக வேணாம்னு வாஷிங்டனுக்கு எழுது. இப்பவே எழுது, முதல் கையெழுத்து நான் போடறேன். இந்தப் போர் நம்ம பிள்ளைங்க ஒருத்தனோட விரலுக்கும் பெறாதுன்னு எழுது. அதுக்கு உனக்குத் துணிச்சல் இல்ல. ஆனா ஒருத்தன் இருக்கட்டும், அவனுக்குப் பதிலா ஒருத்தன் போகட்டும்னு சொல்ல மட்டும் துணிச்சல் இருக்கு. நான் இந்த அறையில இருக்கற வரைக்கும் அது நடக்காது."

வெளியே வந்தவள் நேராக லூமிர் வேலை செய்யும் இடத்துக்கு வண்டியை விட்டாள். அவன் கம்பத்தின் உச்சியில் இருந்தான். கீழே நின்று கத்தினாள்.

"இறங்குடா!"

இறங்கினான். தரையில் கால் வைத்ததும் கன்னத்தில் ஒன்று விட்டாள். உடன் வேலை செய்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"யாருடா உன்னைக் கேட்டா? ஆ? என் வாயைக் காப்பாத்த உன் உயிரைக் கொடுன்னு நான் கேட்டனா?"

"நீ பேசுனியா இல்லியா? அதச் சொல்லு."

"பேசினேன்."

"அப்ப சரி." கன்னத்தைத் தடவிக்கொண்டான். "நீ பேசாம இருந்தா எப்படியும் நான்தான் போயிருப்பேன். நீ பேசி நான் தங்கியிருந்தா, நாளைக்கு உன்னை அங்கேருந்து துரத்திட்டு, பழைய மாதிரி ஆளுக்காளு பாத்துப் போட்டுருப்பாங்க. கொடிக்காகப் போறேன்னு நினைக்காத. கொடி அவங்களே வச்சுக்கட்டும். இன்னொரு விஷயம். எங்ககூடக் கம்பம் ஏறிட்டிருந்த மில்டன் போன வருஷம் வியட்நாம் போனான்ல. இப்ப ஒரு காலோட வந்து இந்தக் கம்பத்தடியில நின்னு மேல பாக்கறான். ஒண்ணும் பேச மாட்டான், சும்மா பாப்பான். அவன் பாக்கும்போது என்னால ஏற முடியலம்மா."

"அது சாகறதுக்கு ஒரு காரணமாடா?"

"சாகறதுக்கு இல்லம்மா. போறதுக்கு."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் மேல் தார் வாசனையும் வியர்வையும் அடித்தது. வேண்டிய மட்டும் அழுதாள். அதற்கெல்லாம் ஒளிவுமறைவு கிடையாது அவளிடம்.

மே மாதம் ஆறாம் தேதி காலை ஆறு மணிக்கு ஓமஹா போகும் பேருந்து நீதிமன்றத்துக்கு முன்னால் நின்றது. எங்கள் ஊர் வழக்கப்படி ப்ளம் பழக்கூழ் வைத்த கொலாச் ரொட்டி ஒரு பெட்டி நிறையச் சுட்டு வைத்திருந்தாள். முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் ருடால்ஃப் தொப்பியும் பதக்கமுமாக வந்து பேச்சுக் காகிதத்தைப் பிரித்தார்.

"பேச்சு வேணாம் சார்," என்றான் லூமிர். "நான் எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்."

ருடால்ஃப் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அருகே போய், "காலை எப்பவும் காயவச்சுக்கோ. மத்த எதுவும் உன் கையில இல்ல," என்றார். அவன் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான். பேருந்து போன பிறகு ஆல்பினா பள்ளிக்கூடத்துக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை.

அந்த வாரமே அவள் வாஷிங்டனுக்கு எழுதினாள். ருடால்ஃப் எழுதமாட்டார் என்று தெரிந்ததால் தானே எழுதினாள். மாவட்ட ஆள்சேர்ப்புக் குழு உறுப்பினர் ஆல்பினா ஹோலுப் என்று மேலே போட்டு, இந்தப் போர் தவறு, இதை நிறுத்துங்கள், நிறுத்துகிற வரைக்கும் இங்கே ஒரு பையனும் இன்னொருத்தனுக்குப் பதிலாகப் போகமாட்டான் என்று நான்கே வரி. சில்வெஸ்டர் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் முதல் வாரம் டுவேனும் பேருந்து ஏறினான். அவனுக்கும் ஒரு பெட்டி கொலாச் போனது. லியோனார்டின் மனைவி அதை வாங்கத் தயங்கினாள். டுவேன் தானே கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அக்டோபர் கடைசியில்தான் தலைநகரிலிருந்து பதில் வந்தது. இப்படிப்பட்ட கருத்து உள்ளவர் குழுவில் தொடர்வது சரியில்லை, தானாக விலகிக்கொள்வது எல்லோருக்கும் மரியாதை என்று எழுதி, விலகல் கடிதத்தையும் தட்டெழுத்து அடித்துக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பியிருந்தார்கள். ருடால்ஃப் அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். அவள் வாசலில் உட்கார்ந்து வியட்நாமிலிருந்து லூமிர் எழுதிய முதல் கடிதத்தை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். டா நாங் என்று தலைப்பில் எழுதியிருந்தது.

"போட்டுடும்மா. இதோட நிம்மதியா இரு," என்றார். "எதுக்கு இனிமேலும் இந்தத் தலைவலி உனக்கு?"

அவள் காகிதத்தை வாங்கி, நிதானமாகப் படித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அவங்ககிட்ட சொல்லு. என் பிள்ளை என்னை அந்த நாற்காலில உக்கார வச்சுட்டுப் போயிருக்கான். அவன் திரும்பி வந்து, 'எந்திரிம்மா, போதும்'னு சொல்லணும். அது வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அவன் வரலேன்னா, நான் சாகற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."